வியட்நாம் கவிஞரும் பத்திரிகைப் பணியும்

கவிஞர் வேறு, பத்திரிகையாளர் வேறு என்று எண்ணுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. முன்னவர் நிலைத்து நிற்கும் சொல்லைத் தேடுபவர். பின்னவர் மறுநாளே பழையதாகிவிடும் சொல்லை எழுதுபவர் என்பர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் நாட்டில் இவ்விரு பணிகளையும் ஒருவரே ஆற்ற நேர்ந்தது. அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் அந்நாட்டு மொழி அடைந்த பயன் யாது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

பல நூற்றாண்டுகளாக அந்நாட்டில் கற்றோர் சீன எழுத்தையே போற்றிவந்தனர். சீன நூல்களைப் பயின்று, அரசர் நடத்திய தேர்வில் தேறி, உத்தியோகம் பெறுவதே புலவருக்குரிய பாதை. பாப்புனையும் ஆற்றலும் அத்தேர்வில் சோதிக்கப்பட்டது. தாய்மொழியை எழுத 'நோம்' என்னும் எழுத்து இருந்ததெனினும், சீன எழுத்தறியாத ஏழைக் குடியானவனுக்கு அதுவும் எட்டாக் கனியே.

பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற கத்தோலிக்கப் பாதிரிமார், அம்மொழியை உரோம எழுத்தில் எழுதும் முறையொன்றை வகுத்தனர். 'குவோக் நூ' எனப்படுவது அதுவே. பிரெஞ்சுக்காரர் நாட்டின் தென்பகுதியைக் கைப்பற்றிய பின்னர், 1865ஆம் ஆண்டில் அவ்வெழுத்தில் முதற் பத்திரிகையைச் சைகோன் நகரில் தொடங்கினர். அது அரசாங்கப் பத்திரிகை. அந்நியன் கொணர்ந்த எழுத்தென்று பழைய புலவர் பலர் அதனை வெறுத்தனர்.

ஆயினும் எளிதிற் கற்கத்தக்க எழுத்து அது. பகைவனின் கருவியாயினும் மக்கள் கண்ணைத் திறக்க உதவுமென உணர்ந்த அறிஞர் சிலர், 1907இல் ஹனோய் நகரில் இலவசப் பள்ளியொன்றை நிறுவி அதனைக் கற்பித்தனர். ஓராண்டு நிறையுமுன்னரே அரசாங்கம் அப்பள்ளியை மூடியது. பழைய தேர்வுகளும் வடக்கே 1915இலும் நடுநாட்டில் 1919இலும் முடிவுற்றன. பாட்டியற்றக் கற்றவர்க்கு இனிப் பதவியில்லை. அவர்களுட் பலர் புகுந்த புதிய இல்லம் பத்திரிகையே.

முதலில் ஒரு பெண்மணியைக் காண்போம். கண்ணொளி இழந்தும் காவியம் பாடிய நுயென் தின் சியூ என்னும் பெரும்புலவரின் மகள் அவர். 1864இல் பிறந்து, இளமையிலேயே கணவனை இழந்தவர். தம் கைம்மையைக் குறிக்கும் சொல்லையே முன்னே சேர்த்து, சுவோங் நுயெத் ஆன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1918ஆம் ஆண்டு பெப்ரவரியில் சைகோனில் 'பெண்ணுலக மணி' எனப் பொருள்படும் பத்திரிகைக்கு அவர் ஆசிரியரானார். அந்நாட்டில் பெண்களுக்கென எழுந்த முதற் பத்திரிகை அதுவே. பெண்கல்வியையும் இல்லற ஒழுக்கத்தையும் அது எடுத்துரைத்தது. ஆறு மாதமளவில் அம்மணியின் ஓசை ஓய்ந்தது. ஆனால் கேட்ட செவிகள் அதனை மறந்துவிடவில்லை.

அடுத்தவர் ஹுயின் துக் காங். 1904இல் அரசரின் உயர்ந்த தேர்வில் தேறியும் உத்தியோகத்தை நாடாதவர். 1908இல் நடுநாட்டுக் குடியானவர்கள் வரிச்சுமை தாளாது கிளர்ந்தெழுந்தபோது, அவரும் கைதாகிப் புலோ கொண்டோர் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் அங்கே கழிந்தன. கைதிகள் இயற்றிய பாடல்களை அவர் நெஞ்சில் தாங்கிக்கொண்டு மீண்டார்.

1908 என்றதும் எமக்கு வேறொரு நினைவும் எழுகின்றது. அவ்வாண்டிலேதான் எம் பாரதியார் ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரியை அடைந்தார். 'இந்தியா' பத்திரிகையும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. ஒரு கவிஞருக்குப் புகலிடம் கொடுத்த அதே பிரெஞ்சுக் கொடி, கீழ்க்கடலின் அக்கரையில் மற்றொரு கவிஞருக்குச் சிறைவாயிலைத் திறந்தது. ஏகாதிபத்தியத்தின் கருணை எத்தகையது என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

விடுதலை பெற்ற ஹுயின் துக் காங் 1927இல் ஹூவே நகரில் 'மக்கள் குரல்' என்னும் பொருள்படும் 'தியெங் தான்' பத்திரிகையைத் தொடங்கினார். எழுதியவை யாவும் தணிக்கையாளரின் கத்தரிக்குத் தப்பியே அச்சேற வேண்டும். எண்ணியதையெல்லாம் எழுத உரிமையில்லாவிடினும், பிறர் வற்புறுத்துவதை எழுதாதிருக்கும் உரிமையையேனும் காத்துக்கொள்வோம் என்பதே அவர் கொண்ட உறுதி. அவ்வுறுதியோடு 1943இல் அது மூடப்படும் வரை பதினாறு ஆண்டுகள் நடத்தினார். எழுதியதனால் மட்டுமன்றி, எழுத மறுத்ததனாலும் ஒருவர் பெருமை பெறலாம் என்பதற்கு அவர் சான்று.

மூன்றாமவர் தான் தா. தம் ஊரை அடுத்த தான் மலையையும் தா ஆற்றையும் சேர்த்துப் பெயராக்கிக்கொண்ட இயற்கைக் காதலர். தேர்வில் தோற்று, பேனாவையே பிழைப்பாகக் கொண்டவர். வானுலகு சென்று இறைவன் முன்னிலையில் தம் நூல்களைப் படித்துக் காட்டி, மண்ணுலகில் எழுத்தாளன் படும் வறுமையை முறையிடுவதாக அவர் பாடிய பாட்டு புகழ்பெற்றது. நகைச்சுவை போலத் தோன்றினும் அது அவருடைய வீட்டுக் கணக்கேயாகும். 1926இல் அவர் தொடங்கிய 'அன்னாம்' சஞ்சிகை பலமுறை நின்று, பலமுறை எழுந்து, 1933இல் முற்றாக மறைந்தது.

இதற்கிடையில் காலம் மாறிற்று. 1932ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பான் கோய் என்னும் பத்திரிகையாளர், பழைய யாப்பின் கட்டை விட்டு ஒரு பாட்டை வெளியிட்டார். இளமையிற் பிரிந்த காதலர் இருவர் தலை நரைத்தபின் சந்திப்பதே அதன் பொருள். 'புதுக்கவிதை' இயக்கம் அதிலிருந்து பிறந்தது. அப்பாட்டு வெளிவந்ததும் சைகோனின் பெண்கள் பத்திரிகையொன்றிலேயே என்பது கருதத்தக்கது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒலித்த மணி வீண்போகவில்லை.

புதிய தலைமுறையினர் தான் தாவைப் பழமைவாதியென்று தம் பத்திரிகையில் எள்ளி நகையாடினர். பின்னர் அவர்களே சீனக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தருமாறு அவருக்குத் தம் ஏட்டில் இடமளித்தனர். இறுதி நாட்களில் சீன எழுத்துக் கற்பித்தும் சாதகம் பார்த்தும் வயிறு வளர்த்த அக்கவிஞர் 1939இல் வறுமையிலேயே மறைந்தார். 1942இல் புதுக்கவிஞர்களின் தொகைநூலொன்று வெளிவந்தபோது, அதன் முகப்பில் அவருடைய ஆவியை வணங்கி வரவேற்றனர்.

இவர்களுள் எவரும் பத்திரிகையாற் பொருள் சேர்த்தவரல்லர். ஆயினும் அந்நியன் வகுத்த எழுத்து தாய்மொழியின் சொந்த எழுத்தாக மாறியது இத்தகையோர் உழைப்பினாலேயாம். வாரந்தோறும் வரும் தாள் கிழிந்து போகும். ஆனால் அதனைப் படித்துப் பழகிய மக்களின் மொழி வளர்ந்து நிற்கும். எம் வீட்டுப் பிள்ளைகள் பத்திரிகையைக் கையில் எடுக்கும்போது இதனைச் சிந்திப்பாராக.