பூங்காவுக்குப் பூட்டு போடும் புண்ணியவான்களே!

டிஸ்கி: சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம் விருதுநகர் மாவட்டம். நான் சொல்றது திருநெல்வேலி - தென்காசி ரோட்டுல, காய்கறிச் சந்தையும் பீடி சுத்துற வீடுகளுமா இருக்கிற எங்க ஆலங்குளம். 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம். குழப்பிக்காதீங்க மக்களே.

மேட்டருக்கு வருவோம். எங்க ஊரைச் சுத்தி மானாவாரியா கிடந்த நிலமெல்லாம் இப்ப 'நகர்' ஆயிடுச்சு. சாமி பேர்ல ஒண்ணு, தலைவர் பேர்ல ஒண்ணு, மனை போட்டவரோட மக பேர்ல ஒண்ணு. அப்படி ஒரு நகர்லதான் எங்க அப்பா வீடு கட்டியிருக்கார். அங்க ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் உண்டு. பேர் சொல்ல மாட்டேன், ஆட்டோ வந்துரும் :-)

சங்கத்தோட லேட்டஸ்ட் தீர்மானம்: வரைபடத்துல பூங்கான்னு விட்டிருக்கிற இடத்தைச் சுத்தி காம்பவுண்டு எழுப்பி, உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு ஹால். நகருக்குள்ள வர்ற ரோட்டுல ஒரு இரும்பு கேட்டு. வீட்டுக்குப் பத்தாயிரம். வாட்சப் குழுவுல பெங்களூர், துபாய், சிங்கப்பூர்னு எல்லா திசையில இருந்தும் கட்டைவிரல் தூக்கியாச்சு. அங்க மனை வாங்கிப் போட்டதோட சரி, ரெண்டு வருஷமா எட்டிப் பார்க்காத ஆட்கள்தான் முதல்ல தூக்கினது. என்ன கொடுமை சார் இது?

"நாம காசு கொடுத்து வாங்கின இடம்தானே"ங்கிறாங்க. சாமி, உங்க கிரயப் பத்திரத்தை எடுத்து நாலு எல்லையைப் படிங்க. உங்க மனைதான் இருக்கும். பூங்கா எங்க இருக்கு அதுல? 2019-ம் வருஷத்து கட்டட விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா, ரோடு போக மீதி இடத்துல 10 சதவீதம் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகணும். 3,000-க்கு மேல 10,000 வரைக்கும்னா இடத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்புல பணமும் கட்டலாம். 3,000-க்குள்ள அடங்கினா ஒண்ணும் வேண்டாம். 3,000 சதுர மீட்டர்னா நம்ம கணக்குல சுமார் 74 செண்ட். அந்த 74-ஐத் தாண்டாம நிலத்தைத் துண்டு போடுற வித்தையில டாக்டர் பட்டமே கொடுக்கலாம் சில பேருக்கு.

அங்கீகாரமே இல்லாத பிரிவுகள் கதை இன்னும் மோசம். 2016 செப்டம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டு, 2017-ல அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்துச்சே, அந்த வகையறா. அதுல பல இடத்துல பூங்காங்கிற பேச்சே கிடையாது. எங்க நகர்ல தப்பிப் பொழைச்சு ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் பூட்டு.

யார் வர்றா அந்த இடத்துக்கு? பின்னாடி தெருப் பசங்க சாயங்காலம் கிரிக்கெட் ஆடுறாங்க. வாகை மரத்தடியில நாலஞ்சு அக்காமார் பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு சுத்திக்கிட்டிருப்பாங்க. அவங்க வீடெல்லாம் எங்க நகருக்கு முந்தியே இருந்தது. பஸ்ஸுக்குப் போற நடைபாதையும் இது வயக்காடா இருந்த காலத்துல இருந்து இதுதான். கேட்டு போட்டா சுத்திக்கிட்டுப் போகணும். அவங்க சங்கத்துல உறுப்பினர் இல்ல, ஆக முடியாது. வாடகைக்கு இருக்கிறவங்களையே சேர்க்க மாட்டாங்க!

செயலாளர் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். "தம்பி, நீங்க மாசத்துக்கு ஒருக்க வந்துட்டுப் போயிருதிய. கண்ட கண்ட ஆளும் வந்து உக்காருதாவ. ஒரு பாதுகாப்பு வேண்டாமா?"ன்னார். அண்ணாச்சி தங்கமான மனுசன். தெருவிளக்கு எரியலைன்னா சொந்தச் செலவுல ஆள் கூட்டிட்டு வர்றவர். மழை பெய்ஞ்சா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்வெட்டியோட நிக்கிறவர். அதுல எனக்கு ஒரு வார்த்தை மாற்றுக் கருத்து இல்ல.

ஆனா பாதுகாப்புன்னா எதுல இருந்து அண்ணாச்சி? நகர்ல பாதி மனை காலி. சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிக்குது, உள்ள பாட்டில், பாம்பு, எல்லார் வீட்டுக் குப்பையும். அந்த மனைக்காரங்க எல்லாரும் சங்க உறுப்பினர் பட்டியல்ல இருக்காங்க! பீடி சுத்துற அக்கா ஒருத்தி கூட அங்க குப்பை கொட்டி நான் பார்த்ததில்ல. 'உங்க மனையைச் சுத்தம் பண்ணுங்க'ன்னு ஒருத்தருக்காவது சங்கம் கடுதாசி போட்டிருக்கா? போடாது. நன்கொடை அங்க இருந்துல்ல வருது.

சங்கம்னா என்ன? 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் சேர்ந்தா பதிவு பண்ணிக்கலாம். நல்ல விஷயம். கொலு வைங்க, பொங்கலுக்குக் கயிறு இழுங்க, மனு கொடுங்க. தானமாக் கொடுத்த ரோட்டுல கேட்டு போடுற அதிகாரம் அந்த ஏழு பேருக்கு எங்க இருந்து வந்துச்சு? என் சந்தேகம், 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் தமிழ்நாட்டு நகரங்கள்ல, பேரூர்கள்ல கவுன்சிலரே இல்லாம கிடந்துச்சு பாருங்க, அப்பதான் பல சங்கங்களுக்கு 'நாமதான் பஞ்சாயத்து'ங்கிற நினைப்பு வந்திருக்கணும். 2022 நவம்பர் 1 அன்னைக்குப் பகுதி சபா கூட்டங்கள் நடந்துச்சு. அதுல போய்ப் பேச ஓட்டுரிமை போதும், கிரயப் பத்திரம் வேண்டாம். எங்க குழுவுல அந்த வார்த்தையே ஒரு தடவை கூட வந்ததில்ல.

பெங்களூர்ல இருந்து கட்டைவிரல் தூக்கின நண்பர்களுக்கு உங்க ஊர்க் கதையே சொல்றேன். சதாசிவ நகர்ல பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தை ஆஸ்பத்திரி கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தாங்க. ஹால் இல்ல, ஆஸ்பத்திரி! அங்க குடியிருந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1991-ல உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் பூங்கா பூங்காவாத்தான் இருக்கணும்னு தீர்ப்பு வாங்கினாங்க. குடியிருப்போர்னா அப்படியும் இருக்கலாம்.

பதிவுத்துறை வலைத்தளத்துல சர்வே நம்பர் போட்டா வில்லங்க விவரம் காசில்லாமப் பார்க்கலாம். நான் தானப் பத்திர நகல் கேட்டு பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல மனு அனுப்பியாச்சு. முப்பது நாள் கெடு. பத்தாயிரம் ரூபா தர்றதா இல்லைன்னு அப்பா அண்ணாச்சிகிட்ட நேர்லயே சொல்லிட்டார்.