ஆரஞ்சுச் சாறு

பள்ளிக்கூட நாளில் எலுமிச்சைச் சாற்றால் எழுதி, விளக்குச் சூட்டில் காட்டிப் படித்து விளையாடியிருப்போம். அதே வித்தையை உயிரைப் பணயம் வைத்துச் செய்தவர் ஜான் ஜெரார்ட். ஆனால் அவர் கேட்டு வாங்கியது ஆரஞ்சு.

எலிசபெத் ராணி காலம். 1585 சட்டப்படி, வெளிநாட்டில் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு இங்கிலாந்தில் இருப்பதே ராஜத்துரோகம். அடைக்கலம் தந்தாலும் தூக்கு. 1588இல் நார்ஃபோக் கரையில் இரவோடு இரவாக இறங்கிய இந்தச் சேசு சபைக் குரு, எதிர்ப்பட்டவர்களிடம் தன் வேட்டைப் பருந்து தொலைந்துவிட்டதாகச் சொல்லி விசாரித்தபடியே நடந்தார். பருந்து வளர்க்கிற கனவானை யார் சந்தேகிப்பார்கள்?

1594இல் பிடிபட்டார். 1597இல் லண்டன் டவரில் மணிக்கட்டில் இரும்புப் பூட்டு மாட்டித் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்தில் சேசு சபையின் தலைவரான கார்னெட் எங்கே என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை. விரல்கள் செயலிழந்து, சிறைக் காவலரே எல்லாம் செய்துதர வேண்டியிருந்தது. விரலுக்குப் பயிற்சி என்று ஆரஞ்சுத் தோலில் ஜெபமாலை கோத்தார். அதை நண்பர்களுக்கு அனுப்பச் சுற்றிய தாளில் கரியால் பக்தி வரிகள், இடைவெளியில் சாற்றால் ரகசியம். எலுமிச்சை எழுத்தை நனைத்துப் படித்துக் காயவைத்தால் மறைந்துவிடும். இடையில் யார் படித்தார் என்று தெரியாது. ஆரஞ்சு எழுத்து சூட்டில்தான் எழும், எழுந்தால் மறையாது. இதை அவரே தன் லத்தீன் சுயசரிதையில் விளக்குகிறார்.

அந்தக் கடிதங்கள் வழியே ஏற்பாடாகி, அக்டோபர் 4 இரவு, அகழிக்கு மேல் கட்டிய கயிற்றில் தொங்கித் தப்பினார். ரணமான கைகளோடு! காவலர் மாட்டிக்கொள்ளாதபடி, அவர் ஒளிய இடமும் வருடாந்திரப் பணமும் ஏற்பாடு செய்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஆனாலும் நான் அதிகம் நினைப்பது கூட இருந்தவர்களை. லண்டனில் குருக்கள் தங்கிய வீட்டை நடத்தியவர் ஆன் லைன் என்ற விதவை. அவரை 1601இல் தூக்கிலிட்டார்கள். சுவருக்குள் ஒளிவறைகள் கட்டிய தச்சர் நிக்கோலஸ் ஓவன், தான் கட்டிய ஒன்றைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் 1606இல் டவரில் சித்திரவதையில் செத்தார். அதே வருடம் நாட்டைவிட்டுப் போன ஜெரார்ட், 1637இல் ரோமில் இறந்தார்.

இங்கிலாந்து, வேல்ஸ் மறைசாட்சிகள் 40 பேருக்கு 1970இல் புனிதர் பட்டம் தரப்பட்டது. பட்டியலில் ஆன் லைன் இருக்கிறார், ஓவன் இருக்கிறார். ஜெரார்ட் இல்லை.