தரையிலும் கடலிலும் ஒரு வெள்ளோட்டம்



ஊரில் புதுத் தேர் செய்து முடித்தால் அதை உடனே திருவிழாவுக்கு இழுப்பதில்லை. முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சில்லு ஒழுங்காக உருள்கிறதா, அச்சு பாரம் தாங்குமா, வீதி மூலையில் தேர் திரும்புமா என்பதெல்லாம் பட்டறையில் தெரியாது, வீதியில்தான் தெரியும். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டதும் ஒரு வெள்ளோட்டக் கதைதான். சொற்களை வானலையில் ஏற்றித் தெருவிலும் கடல் கடந்தும் விட்ட வெள்ளோட்டம் இது. அதில் ஒரு பகுதி நாம் இன்று குடியிருக்கும் நோர்வே வழியாகவும் ஓடியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்க முடியாதிருந்த ஆண்டுகளில், நம்மவர்கள் எப்படிச் செய்தி அனுப்பினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து கொழும்பிலுள்ள சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் போகும். அவர் அதை வவுனியா போகிறவரிடம் கொடுப்பார். அங்கிருந்து கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்கிற யாராவது ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுபோவார். ஒருவருடைய பயணம் தடைப்பட்டால் இன்னொருவரைத் தேடுவோம். அந்தக் கடிதத்துக்கு நிரந்தரமான பாதை இருக்கவில்லை. ஆட்கள் இருந்தார்கள், அவர்களே பாதையானார்கள்.

நடமாடும் வானொலி வலை என்று விஞ்ஞானிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. சாதாரணத் தொலைபேசிக்கு நடுவில் ஒரு நிலையம் வேண்டும். அது விழுந்தால் எல்லோருடைய வாயும் அடைத்துவிடும். இந்த வலையில் ஒவ்வொரு வானொலிக் கருவியும் தன் செய்தியையும் அனுப்பும், மற்றவர் செய்தியையும் வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பிக்கும். செய்தியைச் சிறு சிறு பொதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி விட்டுவிடுவார்கள். கருவிகள் இடம் மாறினால் பாதையும் மாறும்.

இதற்கு முன்னோடி ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. தீவு தீவாகச் சிதறிய இடம், நடுவே சமுத்திரம். கணணிகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைப்பது அங்கே செலவு கூடிய வேலை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் 1971 ஜூனில் அலோஹா என்ற வானொலி வலையை இயக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பொதிகளும் மோதிக் கெட்டுவிடும். அப்போது என்ன செய்வது? சரியாகப் போய்ச் சேர்ந்தது என்ற பதில் வராவிட்டால், ஒவ்வொருவரும் மனம் போனபடி சிறிது நேரம் காத்திருந்து மறுபடியும் அனுப்புவது. யாரும் வரிசை வகுத்துக் கொடுக்கத் தேவையில்லை. இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18 வீதத்தையே பயன்படுத்தலாம் என்று கணக்கு சொல்கிறது. ஆனாலும் வலை வேலை செய்தது. பின்னாளில் வந்த பல வலைகளுக்கு இதுவே வித்து.

அடுத்த கேள்வி, இதை ஓடுகிற வாகனத்தில் செய்யலாமா என்பது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகத்தில் றொபேர்ட் கான் இந்த வேலையைத் தொடக்கிவைத்தார். பணம் இராணுவப் பணம், நோக்கமும் போர்க்களம் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. போர்க்களத்தில் நடு நிலையம் நிலைக்காது என்பதை நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

வெள்ளோட்டம் நடந்த இடம் கலிபோர்ணியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய நிலம். மலை முகடுகளில் அஞ்சல் கருவிகளை வைத்தார்கள். எஸ்.ஆர்.ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தார் பாண் விற்கும் வான் போன்ற ஒரு வாகனத்துக்குள் வானொலிகளையும் கணணியையும் ஏற்றினார்கள். 1976 ஓகஸ்ட் 27ஆம் திகதி அதை ஒரு கிராமத்து மதுக்கடையின் வாசலில் நிறுத்தி, உள்ளிருந்து கம்பி இழுத்து, வெளியே கிடந்த மரமேசையில் தட்டச்சுக் கருவியை வைத்து, வாராந்த வேலை அறிக்கையை அனுப்பினார்கள். அது வானலையில் போய், பின்பு ஆர்ப்பாநெற் என்ற கம்பி வலைக்குள் நுழைந்து, உரிய இடம் சேர்ந்தது. வானொலி வலையும் கம்பி வலையும் குணத்தில் வேறு வேறானவை. இரண்டும் ஒரு செய்தியைக் கைமாற்றிக்கொண்டதுதான் அன்றைய சாதனை.

பெரிய வெள்ளோட்டம் அடுத்த வருடம் நடந்தது. 1977 நவம்பர் 22ஆம் திகதி அதே வான் பேஷோர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய பொதிகள் போகவேண்டிய இடம் அதே கலிபோர்ணியாவின் தெற்கே, ஏறக்குறைய 400 மைல் தூரத்திலுள்ள ஒரு பல்கலைக்கழக நிலையம். நேரே அனுப்பியிருக்கலாம். ஆனால் சோதிப்பதென்று இறங்கியவர்கள் வேண்டுமென்றே ஊரைச் சுற்றிய பாதையைத் தெரிந்தெடுத்தார்கள். பொதிகள் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, செய்மதி வழியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி நோர்வேக்கு வந்தன. இங்கிருந்து தரைவழிக் கம்பியில் லண்டன். அங்கிருந்து மறுபடியும் வேறொரு செய்மதி வலையால் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்கா.

நோர்வேயில் அவை வந்து இறங்கிய இடம் நமக்குத் தூரமில்லை. ஒஸ்லோவிலிருந்து லில்லஸ்ற்றோம் போகும் ரயிலில் ஏறினால், பக்கத்தில்தான் ஷெல்லர். அணுகுண்டுச் சோதனைகளின் அதிர்வை நிலத்தடியில் கேட்பதற்காக அமைத்த நோர்சார் நிலையம் அங்கே இருந்தது. அதனால்தான் 1973 ஜூனிலேயே அமெரிக்க வலை அங்கு வந்து சேர்ந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அடுத்த மாதம் இணைந்தது. நாம் பனிச்சப்பாத்துப் போட்டுப் பழகும் இந்தச் சின்ன நாடு, உலக வலையின் முதல் வாசல்களில் ஒன்று.

அன்று அந்தப் பொதிகள் ஓடிய தூரம் ஏறத்தாழ 94,000 மைல், அதாவது 150,000 கிலோமீற்றர் வரை. செய்மதி நிற்கும் உயரமே 36,000 கிலோமீற்றர். இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால் கணக்குச் சரிவரும். ஒளியின் வேகத்தில் போனாலும் அரைச் செக்கன் பிடிக்கும். மூன்று வேறு வலைகள் கைமாற்றியும் ஒரு எழுத்தும் தொலையவில்லை என்று அந்த முயற்சியில் முன்னின்ற வின்ற் சேர்ஃப் பின்னர் சொல்லியிருக்கிறார். வலைகள் தவறே செய்யவில்லை என்பது இதன் பொருளல்ல. வான் பாலத்தின் கீழோ குன்றின் மறைவிலோ போனால் அலை அறுந்துதான் போகும். தொலைந்தது எது என்று இரு முனைகளும் எண்ணிப் பார்த்து, திருப்பிக் கேட்டு வாங்கும் ஒழுங்கு இருந்ததால் செய்தி பிழைத்தது. இன்றைய இணையம் அந்த ஒழுங்கில்தான் நிற்கிறது.

தொடக்கத்தில் அந்த வானொலி வலைக்கும் பாதை சொல்ல ஒரு நடு நிலையம் இருந்தது. 1980களில் அதையும் கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கருவியும் 7.5 செக்கனுக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன், எனக்கு இன்னாரைத் தெரியும்" என்று அயலவருக்கு அறிவிக்கும். அதைக் கேட்டு மற்றவை தம் பாதைகளைத் திருத்திக்கொள்ளும்.

கடலில் இந்த வேலை இன்னும் கடினம். கடலில் கோபுரம் நாட்ட முடியாது. படகு ஆடும்போது அன்ரெனாவும் சரியும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையைக் கெடுக்கும். பூமி உருண்டை என்பதால், பத்து மீற்றர் உயரத்து அன்ரெனாவுக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் அளவில் தொடுவானம் வந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலிலும் கேரளக் கடலிலும் வீசியபோது, ஏற்கனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் செய்தி இருந்தது. படகுவரை அதைக் கொண்டுபோக ஆளில்லை. பலர் திரும்பவேயில்லை. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் கரையில் ஒரு நிலையத்தையும் மீன்பிடிப் படகுகளில் கருவிகளையும் வைத்து, படகிலிருந்து படகுக்குச் செய்தி தாவும் வலையைக் கடலிலேயே பரீட்சித்திருக்கிறார்கள். முன்னே போகும் படகு பின்னே வரும் படகின் குரலைச் சுமக்கிறது. கடற்கரை ஊர்களில் பிறந்த நமக்கு இதன் பெறுமதியை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு நடைமுறை விடயத்தையும் சொல்லிவைக்கிறோம். நம் கையிலிருக்கும் கைத்தொலைபேசி இந்த வகை வலையைச் சேர்ந்ததல்ல. ஒரே அறையில் இருவர் தொலைபேசியில் பேசினாலும் குரல் கோபுரத்துக்குப் போய்த்தான் திரும்புகிறது. புயலில் மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தால் கையிலிருப்பது வெறும் கண்ணாடிதான். ஆகவே மின்கலத்தில் ஓடும் டாப் வானொலி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். இந்நாட்டு அரசும் இதைத்தான் சொல்கிறது. முக்கியமான தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியிலும் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரரின் கதவை ஒருமுறையாவது தட்டி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். மொழி வராவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வலைகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் செய்தியை மட்டும் அனுப்பி மற்றவர் செய்தியைச் சுமக்க மறுக்கும் கருவிகள் கூடினால் வலை அறுந்துவிடும். மற்றவருக்காகச் செலவாகும் மின்கலத்தை வீண் என்று நினைக்காதவரைக்கும்தான் அது உயிரோடிருக்கும். இந்நகருக்கு இந்த மாதம் வந்திறங்கிய குடும்பத்துக்கு வைத்தியரின் கடிதத்தை வாசித்துச் சொல்பவர், போன வருடம் வந்தவராகத்தான் இருப்பார். அவருக்கே மொழி அரைகுறைதான். இருந்தாலும் அவர் அதைச் செய்தால் போதும். அடுத்த வருடம் வருகிறவருக்கு வாசித்துச் சொல்ல இன்னொருவர் ஆயத்தமாகிவிடுவார்.