மொய்ப் பணத்துக்கே நோட்டு உண்டே!

எங்கள் தெருவில், கூலி வேலை செய்து பிழைக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. 2020ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில், கம்ப்யூட்டர் சென்டர் ஆள் ஒருவர் வந்து, 'கவர்மென்ட்டுல கொரோனா பணம் தர்றாங்க... ஆதாரும், பாஸ்புக்கும் குடும்மா' என்று வாங்கிப் போனார்.

கொஞ்ச நாளில் கணக்கில், 2,000 ரூபாய் ஏறியது. 'கமிஷன்' என்று 500 ரூபாயை அந்த ஆள் வாங்கிக் கொண்டார். சில வாரங்களில் இந்த அம்மாளின் கணக்கை முடக்கி, 'நீ விவசாயி இல்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டு' என்று சொல்லி விட்டனர். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துக் கட்டினார். 'நான் திருடலியேம்மா' என்று அவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

வந்தது கொரோனா பணமே அல்ல. 2019ல் துவங்கிய பி.எம்., கிசான் திட்டப் பணம். சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு, 6,000 ரூபாய், மூன்று தவணையாகத் தருவது. இதில், 2020ல் தமிழகத்தில் மட்டும் சுமார், 110 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக அரசே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்தே போலிப் பெயர்களை ஏற்றியிருக்கின்றனர். நாடு முழுக்க, தகுதியில்லாத, 42 லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட, 3,000 கோடி ரூபாய் போனதாக, 2021 ஜூலையில் பார்லிமென்ட்டில் தெரிவிக்கப்பட்டது.

ஆனால், குத்தகை நிலத்தில் வெயிலில் காய்ந்து நாற்று நடும் என் நாத்தனாருக்கு ஒரு பைசா வரவில்லை. பட்டா அவர் பெயரில் இல்லையே!

'லிஸ்ட் தான் இன்டர்நெட்டில் இருக்கே' என்பர். மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேடினால் பெயர்கள் வருவது நிஜம் தான். களையெடுத்து விட்டு வரும் பெண்கள் அதையா தேடிக் கொண்டிருப்பர்? மானியம் பெறுவோர் விபரத்தை அரசே வெளியிட வேண்டும் என்று, 2005ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவு சொல்கிறது. அதுவும், உள்ளூர் மொழியில், அந்தப் பகுதி மக்களுக்குப் போய்ச் சேரும் விதத்தில்!

காதுகுத்துக்கு, 101 ரூபாய் மொய் வைத்தாலே நோட்டில் எழுதி, மைக்கில் வாசிக்கிறோம். ஊர்ப் பணத்துக்கு அது வேண்டாமா? ஒவ்வொரு தவணைக்கும் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்கட்டும். பெயரும், தொகையும் போதும். ஆதார் எண்ணும், கணக்கு எண்ணும் வேண்டாம். அப்படி வாசித்திருந்தால், 'இந்தம்மாவுக்கு ஏது நிலம்?' என்று அன்றைக்கே யாராவது கேட்டிருப்பர். கம்மலும் தப்பித்திருக்கும்.

சகோதரிகளே... ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கு, கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். 'லிஸ்டை வாசிங்க' என்று எழுந்து கேளுங்கள். நாம் கேட்காமல், யார் கேட்பது?

— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.