கண்ணுக்குத் தெரியாத கடி



“தோலில் ஒன்றுமே இல்லை. ஆனால் இரவானால் கடி தாங்க முடியவில்லை.” உடல் முழுக்க நோவும் உளைவும் உள்ள பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. சொறிந்து சொறிந்து புண்ணான கையை நீண்ட கைச்சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். தொற்று நோயோ என்று அயலார் விலகுகிறார்கள். வீட்டிலோ “உனக்கு எல்லாம் மனப்பிரமை” என்கிறார்கள். நோவை விட இந்தச் சொல்தான் பலரை முடக்கிப் போடுகிறது. எனவே இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

பைப்ரோமயல்ஜியா என்ற நோயில் மூன்று மாதங்களுக்கு மேலாக உடலின் பல பகுதிகளிலும் நோ இருக்கும். நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்பு மாறாது. மறதியும் கவனக் குறைவும் வரும். எக்ஸ்ரேயிலோ இரத்தப் பரிசோதனையிலோ இது தெரிவதில்லை. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர்கள் வகுத்த முறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பார்கள்; 11 இடங்களிலாவது நோ இருக்க வேண்டும். 2010இல் அந்த முறை மாற்றப்பட்டு, நோயாளி சொல்லும் நோ, களைப்பு, நித்திரை ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் கொடுக்கப்பட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், நாட்பட்ட நோ வகைகளுக்குள் இதற்கு இடம் உண்டு. ஆகவே இது சாட்டு அல்ல, பெயருள்ள நோய்.

இந்த நோய்க்கும் தோலுக்கும் என்ன தொடர்பு? வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் சின்ன இரைச்சலும் பெரிதாகக் கேட்கும் அல்லவா? அதுபோல இந்த நோயில் மூளையும் முள்ளந்தண்டு நரம்புகளும் உணர்வுகளைக் கூட்டிக் காட்டுகின்றன. நோவையும் கடியையும் கொண்டு செல்பவை தோலிலுள்ள நுண்ணிய நரம்புகள்தான். இந்நோயாளரில் ஒரு பகுதியினருக்கு அந்த நுண்ணிய நரம்புகள் குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அதனால்தான் தடிப்பு எதுவும் இல்லாமலே கடி, எரிவு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். சிலருக்குத் தலை இழுத்தால் நோகும். சட்டையின் இறுக்கம் கூடச் சுடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 845 நோயாளரைப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அதிக வியர்வை இருந்தது. காரணம் தெரியாத கடி 100 பேரில் மூவருக்கு இருந்தது.

கடுமையான அதிர்ச்சிகளைக் கடந்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. செல் சத்தத்திலும் இடப்பெயர்விலும் ஆண்டுக்கணக்காக நித்திரையைத் தொலைத்த நமக்கு இது புதினமல்ல. நித்திரைக் குறைவும் பதற்றமும் நரம்புகளின் நோ உணர்வைக் கூட்டும். அதற்காக, நோ பொய் என்று ஆகிவிடாது.

ஆனால் ஒன்றை மிகக் கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கடியையும் இந்த நோயின் தலையில் போட்டுவிடக் கூடாது. பின்வருவன இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்:

• விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் கடி கூடி, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கடித்தால் அது சிரங்காக இருக்கலாம். வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும்.
• வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி இல்லாவிட்டால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. மருந்து இலவசம், முற்றாக மாறும். பிந்தினால்தான் கைகால் பழுதாகும்.
• கன்னங்களில் சிவப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு, மூட்டு வீக்கம் சேர்ந்து வந்தால் லூபஸ் என்ற நோயாக இருக்கலாம்.
• தடிப்பு இல்லாத கடி நீரிழிவு, தைரொயிட், சிறுநீரகம், ஈரல் நோய்களாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும்.

உடலில் செல் துண்டு இருந்தால் அதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முன் அவர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை செலவில்லாதவை. சுடுநீரில் நெடுநேரம் குளிக்க வேண்டாம். மென்மையான சவர்க்காரம் போதும்; டெற்றோல் கலந்த நீர் தோலை வரளச் செய்யும். துடைத்த ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கடி எழும்பும்போது சொறியாமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்திருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தளர்வான பருத்தி உடுப்பு நல்லது, வியர்த்தால் மாற்றிவிடுங்கள். புண்ணான தோலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச வேண்டாம். பாமசியில் கேட்டு வாங்கிய ஸ்டீரொயிட் கிறீமை மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

பிரிட்டன் குளிசை ஒவ்வாமைக் கடிக்கு உதவும். நரம்பினால் வரும் கடிக்குப் பெரும்பாலும் பலன் குறைவு. நித்திரைக்கும் நோவுக்கும் வைத்தியர் குறைந்த அளவில் அமிற்றிப்ரிலின் தரக்கூடும். அதை மனநோய் மருந்து என்று பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம். நரம்பு நோவுக்கும் அதுவே கொடுக்கப்படுகிறது. டுலொக்செற்றின் என்ற மருந்து சிலருக்கு வியர்வையைக் கூட்டும். மருந்து தொடங்கிய பின் தோலில் மாற்றம் வந்தால் உடனே சொல்லுங்கள். தடிப்போ வாய்ப்புண்ணோ முகவீக்கமோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2016இல் ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரைகளில் மிக உறுதியாகச் சொல்லப்பட்டது மருந்து அல்ல, உடற்பயிற்சிதான். வளவுக்குள் 5 நிமிட நடையுடன் தொடங்குங்கள். மறுநாள் நோ கூடினால் கொஞ்சம் குறையுங்கள், முற்றாக விட்டுவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டினாலும் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மாதமாக நோ, எந்த நேரம் கடி, எத்தனை மணித்தியாலம் நித்திரை, என்னென்ன மருந்து. நாலு நிமிடத்தில் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லும். உங்களை நம்பாத ஒருவரைச் சந்தித்தால் அதோடு நின்றுவிடாமல், ஆதார வைத்தியசாலையில் தோல் வைத்தியரையோ வாதநோய் கிளினிக்கையோ கேட்டுப் போங்கள்.

இதை வாசிக்கும் ஒருவருக்கு இந்த நோய் இல்லாமலிருக்கலாம். ஆனால் அயலில் கையை மறைத்துக்கொண்டு திரியும் ஒருத்தி இருப்பாள். இது தொற்றாது. சிரங்கோ வேறு நோயோ என்ற சந்தேகம் இருந்தால் அவளோடு கூட நீங்களும் வைத்தியசாலைக்குப் போய் வாருங்கள்.

அடுத்த மாதம் நித்திரை பற்றிப் பேசுவோம்.