கருவிலே பட்ட காயம்

பெண்ணுக்கு மது விற்கலாகாது என்று 1979ஆம் ஆண்டில் இலங்கை அரசு விதி செய்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுக்குள்ளாகவே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். பண்பாடு பற்றிய சொற்போர் ஓங்கி ஒலித்தது. கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

கசிப்பு விற்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு விற்பதில்லை. திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினத்தில் இதனை யாம் விளக்கவும் வேண்டுமோ? "நம் பெண்கள் குடிப்பதில்லை" என மார்தட்டுவோர் உளர். பெரும்பாலார் குடிப்பதில்லை என்பது மெய்யே. ஆயின், குடிக்கின்ற ஒருத்தி அதனை மருத்துவ மாதிடமும் மறைக்கிறாள். மறைக்குமாறு ஊர் அவளை ஆக்கியுள்ளது. அம்மறைவுக்குத் தண்டனை பெறுவதோ பிள்ளை!

தாய் அருந்தும் மது கருவையும் சென்றடைந்து மூளையின் வளர்ச்சியைக் குலைக்கிறது. 1968இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெமுவான் இதனை எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் இந்நோய்க்குப் பெயரிட்டனர். முக அடையாளம் சிலருக்கே தோன்றும். ஏனையோர் பார்வைக்கு மற்றப் பிள்ளைகளைப் போன்றவரே. ஆதலால், நேற்றுக் கற்றதை இன்று மறக்கும் சிறுவன் பள்ளியிலே 'மந்தன்' என்றும் 'அடங்காதவன்' என்றும் பெயர் வாங்கிப் பிரம்படியும் படுகிறான்.

பட்ட ஊறு மறையாது. அதன் விளைவுகளைக் குறைத்தல் இயலும். இளவயதிலேயே கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டிலே வளர்ந்தோர் பிற்காலத் துன்பங்களிலிருந்து பெரிதும் தப்பினர் எனச் சியாட்டில் ஆய்வாளர் 2004இல் காட்டினர். பேச்சுப் பயிற்சி, ஒருவேளைக்கு ஒரு கட்டளை, மாறாத நாளொழுங்கு, பெற்றோருக்குப் பயிற்சி — இவை பெருஞ்செல்வம் கேட்பன அல்ல.

வீடு தேடிச் சென்று குழந்தையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவ மாது நம் நாட்டில் 1926 முதலாகவே உள்ள சுகாதாரப் பணியின் பேறு. அவர் கர்ப்பவதியிடம் ஏச்சின்றி, தனிமையில், மதுவைப் பற்றிக் கேட்கட்டும். ஐயமுள்ள பிள்ளையைப் பேச்சு தொடங்கும் பருவத்திலேயே மருத்துவரிடம் அனுப்பட்டும். அனுப்பிய பின்? பேச்சுப் பயிற்சி பிள்ளையின் தாய்மொழியிலன்றி நடவாது. நாட்கூலியை இழந்து வெருகலிலிருந்து திருமலைக்கு வரும் தாயிடம் அவள் மொழியிலே பேசும் பயிற்சியாளரைக் கிழக்கு மாகாணச் சுகாதாரத் துறை நியமித்தல் வேண்டும். அவரை மாதமொரு முறையேனும் வெருகலுக்கே அனுப்புதலும் வேண்டும்.