ஐஸுக்கும் அசராத ஆசாமி

சேலம், நாமக்கல்லில் கடல் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் உண்டு. ஐஸ் பெட்டியில் லாரியேறி வருகிறது. கூடவே டிக்கெட் எடுக்காமல் வரும் ஆசாமி, 'ஷெவனெல்லா' என்கிற கடல் பாக்டீரியா. ஐஸ் குளிரிலும் பெருகி, மீனில் அழுகின முட்டை நாற்றம் கிளப்புவதில் மன்னன். 1931-ல் முதலில் பிடிபட்டது மீனில் இல்லை சார், கெட்டுப்போன வெண்ணெயில்!

நாத்தத்தோடு போனால் பரவாயில்லை. இந்த வம்சத்தில் சிலர் புண் வழியாக நம் உடம்புக்குள்ளும் நுழைவார்கள். கடலே இல்லாத திருப்பதியில் ஐந்து நோயாளிகளிடம் இதைக் கண்டதாக அங்குள்ள டாக்டர்கள் 2010-ல் எழுதினார்கள்.

ஆகவே, கடைக்காரர் முறைத்தாலும் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து வாங்குங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மீன் கழுவாதீர்கள். வீட்டில் சொல்ல நியாயமான சாக்குதான். காயம் மட்டும் நிஜமாக இருக்கணும்!